யார் கைத் தண்ணீர்

புகையிரத விடுதி,
தலைமன்னார் இறங்குதுறை.
2.2.1936

பாலம்மாவுக்கு,

நான் ரத்தினம்மாவின் மகள் தெய்வானை. பொங்கலுக்கு மறுநாள் அம்பிட்டிய மடத்துக்கு வந்து, அம்மாவின் கட்டிலோரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேனே, நினைவிருக்கும். அன்று உன்னோடு பேசவில்லை. பேச எனக்கு வாய் வரவில்லை.

இன்று மேட்ரனின் மாதக் கடிதம் வந்தது. "உங்கள் தாயார் நலம். பாலம்மா கொடுத்தால் மட்டும் தண்ணீர் குடிக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். நான் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு உலையில் அரிசி போட மறந்துபோனேன்.

அன்று நடந்ததை நீயும் பார்த்தாய். நான் தம்ளரை நீட்டினேன். "வேணாம் தெய்வான, எனக்குத் தாகமே இல்ல" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று மணி நேரத்தில் நான்கு தடவை நீட்டினேன். நான்கு தடவையும் அதே பதில். நீ வந்து, "ஆத்தா, இந்தாங்க" என்றாய். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். தாகம் இல்லாதவர் அப்படிக் குடிப்பாரா?

பெற்ற தாயை மடத்தில் தள்ளிவிட்டேன் என்று நீங்களெல்லாம் பேசிக்கொள்வீர்கள். என் வீட்டுக்காரருக்கு இங்கே மாற்றம் வந்தபோது அம்மாவையும் கூட்டி வரத்தான் இருந்தேன். இந்த வெயிலும் உப்புத் தண்ணீரும் வயதானவர் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் தடுத்தார். அம்மாவும் மலையை விட்டு இறங்கமாட்டேன் என்றார். வேறு வழி இருக்கவில்லை. இதை உனக்கு ஏன் விளக்குகிறேன் என்று தெரியவில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அம்மாவுக்கு நீ என்ன கொடுக்கிறாய், எப்படிக் கொடுக்கிறாய்? விவரமாக எழுது. இராமேசுவரத்திலிருந்து வந்தவரிடம் ஒரு போத்தல் நன்னாரி சர்பத் வாங்கி அனுப்பியிருக்கிறேன். அதை என் பெயரைச் சொல்லிக் கொடு.

தெய்வானை

*

முதியோர் மடம்,
அம்பிட்டிய.
8.2.36

மரியாதைக்குரிய அம்மாவுக்குப் பாலம்மா எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதமும் சர்பத்தும் வந்து சேர்ந்தன. எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துத்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். வசியமருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. காலையில் கஞ்சித் தண்ணீர், பத்து மணிக்குக் கொத்தமல்லி அவித்த தண்ணீர், மத்தியானம் மோர், கிடைத்தால் செவ்விளநீர். தோடம்பழத்தைச் சுளை சுளையாக உரித்து வாயில் வைப்பேன், சப்பிக்கொண்டிருப்பார். இவ்வளவுதான். என் பொறுப்பில் பதினான்கு கிழவிகள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் இதேதான். பதினான்கு பேரில் நாக்கு உலர்ந்துபோகிறதை ஒருத்தரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். வயதானால் தாகம் என்கிறதே மறந்துபோகும் அம்மா. நாமாகத்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்தபோது ஆத்தா ஏன் குடிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். என்னை நம்பிச் சொன்ன விஷயம்.

மகள்மார் வந்து போகிற நாளில் நாங்கள் ஓரமாக நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று நான் கிட்ட வந்தது ஆத்தாவின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்துத்தான். உங்களுக்கு அது தெரியவில்லை.

பாலம்மா

*

தலைமன்னார்
21.2.1936

பாலம்மா,

உன் கடிதத்தின் கடைசி வரியை எந்தத் துணிச்சலில் எழுதினாய்? என் தாயின் உதடு எனக்குத் தெரியவில்லையா? அவர் மடியில் நாற்பது வருஷம் தலை வைத்தவள் நான். நீ அவரோடு பழகி எத்தனை மாதம்?

என் தாய் உன்னிடம் சொல்லி, எனக்குச் சொல்லக் கூடாத விஷயம் எது? அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவருடைய சித்தப்பா மகன் செல்லச்சாமி கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கடை வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவரை அனுப்பி அம்மாவைப் பார்த்துவரச் சொன்னேன். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"சர்பத் போத்தல் மூடி திறக்காமல் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. 'தெய்வான கடுதாசி போட்டாளா?' என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். மாதம் இரண்டு போடுகிறாளே என்றேன். 'எனக்கு ஒண்ணும் வரலியேப்பா' என்கிறார். மார்ச்சில் நீ வரப்போவதுகூட அவருக்குத் தெரியாது."

அம்மாவுக்குக் கண் மங்கல், எழுத்தும் தெரியாது. என் கடிதங்களை வாசித்துக் காட்டுவது நீ. அப்படியானால் என் கடிதங்கள் எங்கே போயின? போத்தலை மறைத்த நீ என்னையும் மறைத்துவிட்டாய். என்னை ஒதுக்கினால்தான் அந்தக் கட்டிலோரத்தில் உனக்கு இடம் கிடைக்கும் என்று நினைத்தாயா?

நேற்று மேட்ரனுக்கு எழுதிவிட்டேன். என் தாயை இனி நீ தொடக் கூடாது. வேறொருத்தியைப் போடச் சொல்லியிருக்கிறேன். மடத்துக்கு என்று இவர் மாதாமாதம் அனுப்புகிற காணிக்கையை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உன் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

தெய்வானை

*

அண்ணன் வீடு, பத்தாம் லயம்,
கட்டுகஸ்தோட்டைக்கு மேல் தோட்டம்.
2.3.36

அம்மாவுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

நீங்கள் ஒரு கட்டிலிலிருந்து என்னை நகர்த்தக் கேட்டீர்கள். மேட்ரன் வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார். "கடிதம் மறைப்பவள் நாளைக்கு எதையும் மறைப்பாள். இனி மடத்துப் படி ஏறாதே" என்றார். ஆறு வருஷம் அங்கே இருந்தேன். சேலை இரண்டையும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறி அண்ணன் லயத்துக்கு வந்துவிட்டேன். அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதைச் சொல்ல இதை எழுதவில்லை. புதிதாக வந்தவள் கெட்டவள் இல்லை. ஆனால் வேலை பழக்கின இரண்டு நாளும் பார்த்தேன், காலையில் பதினான்கு கட்டிலுக்கும் பதினான்கு தம்ளர் வைப்பாள். சாயந்தரம் எடுக்கும்போது அப்படியே நிறைந்திருக்கும். கொட்டிவிட்டுக் கழுவி வைப்பாள். கொடுத்தாயா என்று கேட்டால் கொடுத்தேன் என்பாள். அது பொய்யும் இல்லை. நான் கிளம்புகிற அன்று ஆத்தா தம்ளரைச் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்திருந்தார். "எங்கடி போற?" என்றார். "ஊருக்குப் போய்ட்டு வாறேன் ஆத்தா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கண்டியில் இப்போது மழை இல்லை. மலைப் பக்கம் மத்தியானம் காய்கிறது. இந்த மாதத்தில்தான் கிழவிகள் வாடிப்போவார்கள். பேச்சுக் குழறினாலோ, ஆள் அடையாளம் தப்பினாலோ, வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் போதாமல் இருக்கும். மேட்ரனுக்கு எழுதுங்கள். நான் சொன்னதாக எழுத வேண்டாம்.

கடிதங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இப்போது பதில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

பாலம்மா

*

மடம், அம்பிட்டிய.
11.3.1936, காலை

பாலம்மா,

இதைச் செல்லச்சாமி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் லயத்து வாசலில் நின்று பதில் வாங்கி வருவார்.

திங்கட்கிழமை மேட்ரனின் தந்தி வந்தது. அன்று இரவே கோச்சி ஏறினேன். அம்மா கட்டிலிலிருந்து இறங்கும்போது தலை சுற்றி விழுந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் காய்ச்சலும் பிதற்றலுமாகக் கிடக்கிறார். என்னைப் பார்த்து, தேயிலைத் தோட்டத்தில் நிற்கிற நினைப்பில், "கொழுந்து நிறுத்தாச்சா?" என்று கேட்டார். கையின் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நிற்கிறது. டாக்டர் வந்து பார்த்து, "வேறு நோய் ஒன்றும் இல்லை. உடம்பில் தண்ணீர் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நாளை மாலைக்குள் உள்ளே போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான்" என்கிறார்.

நேற்று முழுதும் கொடுத்துப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொள்கிறார். கரண்டியால் ஊற்றினால் கடைவாய் வழியே வழிகிறது. கெஞ்சினேன், அதட்டினேன். ஒரு தடவை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தாடையைப் பிடித்து அழுத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜன்மத்தில் மறக்கமாட்டேன்.

நீ அவரை எப்படிக் குடிக்க வைத்தாய்? உன்னை நம்பிச் சொன்ன விஷயம் என்றாயே, அது என்ன? மறைக்காமல் எழுது. உன்னிடம் இதைக் கேட்பது எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ வர வேண்டியதில்லை. சொல்லித் தந்தால் போதும், நானே செய்துகொள்வேன்.

தெய்வானை

*

லயம்.
11.3.36, மத்தியானம்

அம்மாவுக்கு,

செல்லச்சாமி அண்ணன் வாசலில் நிற்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

"வா" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் மேட்ரன் விரட்டினாலும் ஓடி வந்திருப்பேன். வர வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆத்தாவுக்காகச் சொல்கிறேன்.

போன கார்த்திகையில் ஒரு நாள் ஆத்தா படுக்கையிலேயே நனைத்துக்கொண்டார். கக்கூசு முற்றத்துக்கு அப்பால், பன்னிரண்டு படி இறங்க வேண்டும். அவரால் ஓட முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி வாய் விட்டுச் சிரித்தாள். அன்றைக்கே ஆத்தா தண்ணீரை நிறுத்திவிட்டார். குடித்தால்தானே போக வேண்டும் என்று. மூன்று நாள் என்னிடமும் வாய் திறக்கவில்லை. நாலாவது நாள் அழுதுகொண்டே சொன்னார். "எம் மகளுக்கு மட்டும் தெரியக் கூடாதுடி. ஒருத்தர் சேலையில ஒரு கறை பாக்காம வாழ்ந்தவ நான். அவ எதிர்ல நனைச்சேன்னா அப்பறம் நான் உசிரோட இருந்து பிரயோசனமில்ல." என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். இன்றைக்கு அந்தச் சத்தியத்தை உடைத்துவிட்டேன்.

நீங்கள் பொங்கலுக்கு வந்தபோது ஏன் குடிக்கவில்லை என்று இப்போது விளங்கும். நீங்கள் இருக்கும்போது போக வேண்டி வந்துவிடுமோ என்ற பயம். உங்கள் மேல் கோபமில்லை.

இனி செய்ய வேண்டியது. பழைய வேட்டியை எட்டாக மடித்து இடுப்புக்குக் கீழே போடுங்கள். அவர் கேட்கும்படி, "நனஞ்சா மாத்திக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். கட்டிலைச் சுற்றிச் சேலையைத் திரை கட்டுங்கள். தம்ளரைக் கண்ணுக்குக் காட்டாதீர்கள், நிறைந்த தம்ளர் அவருக்குப் பயம். சின்னக் கோப்பையில் இரண்டு மிடறு மட்டும். "குடிக்கிறீங்களா" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் வரும். நீங்களும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு குடியுங்கள், கூடவே குடிப்பார். படுத்தபடி ஊற்றாதீர்கள், முதுகைத் தாங்கி உட்கார வைத்து, விழுங்கின பிறகு அடுத்தது. கஞ்சித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு. கொத்தமல்லித் தண்ணீரில் துளி கருப்பட்டி. கால் மணிக்கு ஒரு தடவை, விடாமல். ஒன்றுக்குப் போகிற நிறத்தைப் பாருங்கள். தேயிலைச் சாயம் மாதிரி இருந்தால் போதவில்லை. வைக்கோல் நிறத்துக்கு வந்தால் ஆள் பிழைத்தது.

கடைசியாகக் கடிதங்கள். நாலு கடிதம் நான் வாசித்துக் காட்டவில்லை. என் பெட்டியில் இருக்கின்றன. உங்கள் கடிதம் வந்தால் ஆத்தா நாள் முழுதும் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார், எதுவும் இறங்காது. அதனால்தான் வாசிக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. உங்கள் பெயரைக் கேட்ட நாளில் நான் அந்த அறையில் இல்லாத ஆள் மாதிரி ஆகிவிடுவேன். ஆறு வருஷத்தில் எத்தனையோ கிழவிகளுக்குச் செய்தேன். "நீ சாப்ட்டியாடி?" என்று என்னைக் கேட்டது ஆத்தா ஒருவர்தான். அதை யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சர்பத்தும் அப்படியே. நீங்கள் என்னைத் திட்டினதில் பிழை இல்லை.

பாலம்மா

*

மடம், அம்பிட்டிய.
17.3.1936

பாலம்மாவுக்கு,

அம்மா பிழைத்துக்கொண்டார். முதலில் இதைத்தான் எழுத வேண்டும்.

உங்கள் கடிதம் வந்ததும் என் பச்சைப் பட்டுச் சேலையைத்தான் திரையாகக் கட்டினேன், கைக்கு அகப்பட்டது அதுதான். வேட்டியை மடித்துப் போட்டேன். "நனஞ்சா மாத்திக்கலாம்" என்று சொன்னேன். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கடித்த பல் கொஞ்சம் தளர்ந்தது.

முதுகைத் தாங்கி உட்கார வைத்து, எனக்கு ஒரு கோப்பை, அவருக்கு ஒரு கோப்பை. நான் குடித்தேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "பாலம்மாவா?" என்றார்.

உண்மையை எழுதுகிறேன். என் நெஞ்சில் கொள்ளிக்கட்டையால் சுட்டது போல இருந்தது. தலைமன்னாரிலிருந்து ஒரு இரவு முழுதும் பயணம் செய்து வந்து, மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். "நான் தெய்வானைம்மா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கோப்பையைப் பார்த்தேன். இரண்டு மிடறு கஞ்சித் தண்ணீர். அதை அவர் குடிப்பது முக்கியமா, என் பெயர் முக்கியமா?

"ஆமா ஆத்தா, பாலம்மாதான்" என்றேன்.

குடித்தார்.

ஆறு நாள் நான் நீங்களாக இருந்தேன். கால் மணிக்கு ஒரு தடவை. உடுப்பு மாற்றினேன். "நல்லா இருப்படி பாலம்மா" என்று என் கன்னத்தைத் தடவினார். அந்த ஆசீர்வாதமெல்லாம் உங்கள் கணக்கில்தான் போயிருக்கும். மூன்றாம் நாள் விடியற்காலை வைக்கோல் நிறம் வந்தது. அதைப் பார்த்து நான் அழுததை இவரிடம் சொன்னால் நம்பமாட்டார். நேற்றிலிருந்து தானாகவே கோப்பைக்குக் கை நீட்டுகிறார்.

என் முறைப்பாட்டை எழுத்தில் வாபஸ் வாங்கிவிட்டேன். மேட்ரனுக்கு நான்கு தடவை விளக்க வேண்டியிருந்தது. பதினான்கு நிறைந்த தம்ளர்களை அவரை அழைத்துப்போய்க் காட்டினேன். அதன் பிறகே இறங்கி வந்தார். உங்களை மறுபடி வேலைக்கு எடுக்கச் சம்மதித்திருக்கிறார். படுக்கைப் பக்கமாகவே ஒன்றுக்குப் போக ஒரு மறைப்பறை கட்டித் தரவும் ஒத்துக்கொண்டார். நாளைக்கு நான் போக வேண்டும், இவர் அங்கே தனியாக இருக்கிறார். நான் வண்டி ஏறுமுன் நீங்கள் வந்துவிட்டால் நல்லது. வாருங்கள். இந்த முறை அந்தச் சொல்லை எழுதிவிட்டேன்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பிதற்றலிலும் அம்மாவின் நாக்கில் வந்தது உங்கள் பெயர்தான். அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? ஆனால் அந்தப் பெயர் இல்லையென்றால் என் தாய் இன்றைக்கு இல்லை.

தெய்வானை

*

மடம், அம்பிட்டிய.
5.4.36

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. பிடிக்காவிட்டால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அன்று ஸ்டேஷனில் பேச நேரம் கிடைக்கவில்லை. நீங்கள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்ததே போதும்.

ஆத்தா நன்றாக இருக்கிறார். இரண்டு மழை பெய்து குளிர்ந்துவிட்டது. மறைப்பறை கட்டியாயிற்று. சிரித்தாளே, அந்தப் பக்கத்துக் கட்டில்காரிதான் இப்போது அதில் அதிகம் போய் வருகிறவள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன், வேறு கதைகளை எழுதி நாளைக் கடத்துகிறேன்.

உங்கள் பதினேழாம் தேதிக் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. ஆத்தா நினைவு தப்பின நேரத்தில் என் பெயரைச் சொன்னாராம். லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணிக்குத் தெரியாமல் படித்தேன். மகளைக்கூட மறந்து என்னைக் கூப்பிட்டாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் அழுது எழுதின கடிதத்தில் நான் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மடத்துக்குத் திரும்பி வந்த பிறகு அந்த நாலு கடிதத்தையும் ஒவ்வொன்றாக ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவு நாள் ஏன் வாசிக்கவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "பைத்தியக்காரி" என்று மட்டும் சொன்னார். நேற்று முன்தினம் கடைசிக் கடிதத்தை வாசித்தேன். மார்ச்சில் வருகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தது.

"வந்தாங்க ஆத்தா. ஒரு வாரம் கூடவே இருந்தாங்க. ஒங்களுக்கு நெனவில்ல" என்றேன்.

"யார்டி சொன்னா நெனவில்லேன்னு?" என்றார். "விழுந்த மொத ரெண்டு நாள்தான் மூட்டமா இருந்திச்சு. பெறகு எல்லாந் தெரியும். ஒங் கை சொரசொரன்னு இருக்கும். அது எம் மக கை. நான் கஞ்சி ஊட்டி வளத்த கை எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் ஆத்தா எம் பேரச் சொன்னீங்க?"

ஆத்தா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு சொன்னார். "அவதான்னு நான் காட்டிக்கிட்டா, எனக்குத் துணி மாத்திவிடுறது எம் மகதான்னு ஆயிரும். எனக்கும் வெக்கம், அவளுக்கும் சங்கடம். பாலம்மான்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் லேசு. அவளும் ஆமான்னு சொன்னா. எம் மக கெட்டிக்காரி."

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களுக்குத் தெரியாமலே இருந்தால், ஆத்தா கூப்பிட்டது என்னைத்தான் என்று நான் கடைசி வரைக்கும் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆத்தாவும் சொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை மறைத்தவள் இதையும் மறைத்தால் நான் என்ன மனுஷி?

அந்த ஆறு நாளும் ஆத்தா குடித்தது உங்கள் கைத் தண்ணீர்தான் அக்கா, உங்கள் கை என்று தெரிந்தேதான் குடித்தார்.

பாலம்மா